மனம் ஒட்டாத வேலை: அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு தரும் விடை

வண்ணார்பேட்டைச் சாலையோரத் துணிக்கடைகளிலும் உணவகங்களிலும் மருத்துவமனைகளிலும் தரை துடைப்போர், எச்சில் இலை எடுப்போர், நாள் முழுதும் நின்றபடி துணி விரித்துக் காட்டுவோர் உழைக்கின்றனர். இவர்களுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை என்னும் குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கான விடை அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே உண்டு.

1891இல் மோவ் படைமுகாமில் பிறந்த அண்ணல், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். கடைநிலை ஊழியர்கூடத் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமேல் வீசினர். அலுவலகத்தில் குடிக்க நீரில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்திய கும்பல் அவரை விரட்டியது. சில நாள்களிலேயே பணியைத் துறந்தார். சம்பளம் இருந்தும் மதிப்பில்லாத இடத்தில் அத்தகைய அறிஞராலேயே நிலைக்க இயலவில்லை.

பம்பாய் ஆலைகளில் கூடுதல் கூலி தரும் நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு அடைக்கப்பட்டிருந்தது. நூலை வாயால் உறிஞ்ச வேண்டும் என்பதால் தீட்டு காரணம் காட்டப்பட்டது. இந்த அநீதியை அவர் தொழிற்சங்கத் தலைவர்களிடமே எழுப்பினார். 1936இல் வெளியான சாதி ஒழிப்பு நூலில், பிறப்பால் சுமத்தப்படும் தொழிலில் மனமும் அறிவும் ஒன்றாது என்றும், அது வெறுப்பையும் தட்டிக்கழிக்கும் எண்ணத்தையுமே வளர்க்கும் என்றும் விளக்கினார்.

அவ்வாண்டே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையை முடக்கிய சட்டவரைவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் நடந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமையேற்றோருள் அவரும் ஒருவர். 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1946இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டவரைவை முன்வைத்தார். அது 1948இல் சட்டமாயிற்று. 1956இல் அவர் மறைந்தார்.

வண்ணார்பேட்டையை அடுத்த கொக்கிரகுளத்தில், 1999 சூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகப் பேரணி வந்தவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் மாண்டன. கூலி உயர்வும் அன்றைய கோரிக்கைகளுள் ஒன்று. கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் வந்தது.

துப்புரவுப் பணி இன்றும் பெரும்பாலும் பிறப்பின் தடத்திலேயே செல்கிறது. ஒப்பந்தக்காரர் கைமாறி வரும் கூலி வழியிலேயே தேய்கிறது. ஈடுபாட்டைக் கேட்கும் உரிமை, உரிய கூலியும் மதிப்பும், விரும்பினால் வேறு தொழிலுக்குச் செல்லும் வழியும் தந்தவர்க்கே உண்டு. அண்ணலின் வாழ்விலிருந்து நாம் கற்பது இதுவே.