கேட்டுப் பெற்ற கடற்கரை

அகமதாபாத் நகரில், நெசவாலைத் தொழிலால் செழித்த சமண மரபுக் குடும்பம் ஒன்றில், அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையரின் மகனாக 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தவர் விக்ரம் சாராபாய். கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். குடும்பச் செல்வத்தைக் காத்துப் பெருக்குவதோடு அமைந்துவிடாமல், அறிவுப் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

1962இல் விண்வெளி ஆய்வுக்கான இந்தியத் தேசியக் குழு அமைந்தபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. ராக்கெட்டுகளை ஏவுதற்குரிய இடத்தைத் தேடியபோது, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தெரிவாயிற்று. புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அது மிகப் பொருத்தமான இடம். மேற்கே கடல் விரிந்திருந்தமையால், எரிந்து முடிந்த பாகங்கள் ஊர்களின்மீது விழும் அச்சமும் குறைவு.

ஆனால் அங்கே மேரி மகதலேனா ஆலயமும் ஆயர் இல்லமும் மீனவர் குடில்களும் இருந்தன. சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரிற் கண்டு நோக்கத்தை விளக்கினார். ஆயர் அவ்வேண்டுகோளை ஆலயத்தில் கூடிய மக்கள் முன் வைத்தார், அவர்கள் இசைந்தனர். வேறிடத்தில் குடியிருப்பும் புதிய ஆலயமும் அவர்களுக்கு அமைந்தன. மிகுபொருள் விரும்பாமை ஓர் அறம். அன்று தும்பா மக்கள் துறந்ததோ மிகுபொருளை அன்று, தம் வாழ்விடத்தையே.

ஆலயமும் ஆயர் இல்லமும் ஏவுதளத்தின் பணியிடங்களாயின. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. 1963 நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்து, அந்தி வானில் சோடிய ஆவியைப் படரவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பரில், இந்தியாவில் உருவான ரோகிணி-75 அங்கிருந்தே சீறிப் பாய்ந்தது. 1968 பிப்ரவரி 2ஆம் நாள் அத்தளம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவுக்குத் தொலைவில் இல்லாத கோவளத்தில், 52ஆம் அகவையில் சாராபாய் மறைந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2022 நவம்பர் 18ஆம் நாள், தனியார் நிறுவனமொன்று உருவாக்கிய முதல் இந்திய ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 89.5 கிலோமீட்டர் உயரம் எழுந்தது. அதற்கு விக்ரம்-எஸ் என்று அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. தனியார் ஏவுதல்களை ஆய்ந்து அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் தலைமையகமும் அவர் பிறந்த அகமதாபாத்திலேயே அமைந்துள்ளது.

2024இல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் மீனவர் வாழும் கரையே. வணிகமும் விரைவும் விண்வெளித் துறையில் நுழைந்துவிட்ட இந்நாளில், அனுமதி என்பது அலுவலக முத்திரையோடு முடிவதன்று. நிலத்துக்கும் கடலுக்கும் உரியோரின் மனம் இசைதலே அதன் உயிர். தும்பாவில் சாராபாய் விட்டுச்சென்ற பாடம் அதுவே.