ஈயமும் கருமருந்தும்: சாமுவேல் பேக்கரின் வாழ்வு

இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில் ஓர் அருவி பேக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நைல் ஆற்றுக்கு நீரூட்டும் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியர்க்கு அறிமுகப்படுத்தியவர் என்று வரலாறு போற்றும் சர் சாமுவேல் வைட் பேக்கரே அவர். கருமருந்துத் துப்பாக்கியின் இயல்பை அவரளவு ஆழ்ந்து ஆராய்ந்து எழுதிய வேட்டைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் மிகச் சிலரே.

பேக்கர் 1821 ஜூன் 8இல் இலண்டனில் பிறந்தார். செல்வ வளம் மிக்க குடும்பம். தொழிலில் அவர் மனம் தங்கவில்லை. காடும் கருவியுமே அவரை ஈர்த்தன. 1840இல், தம் பத்தொன்பதாம் வயதில், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துப்பாக்கிக் கம்மியரிடம் தாமே வகுத்த அளவுகளைக் கொடுத்து ஒரு துப்பாக்கி செய்வித்தார். அதன் எடை 21 பவுண்டு. குழலின் நீளம் 36 அங்குலம். குண்டின் எடை 3 அவுன்ஸ். ஒருமுறை இடும் மருந்து 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ். புரியிட்ட குழலுக்கு மருந்து குறைவாகவே இடவேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது. கனத்த குண்டும் மிகுந்த மருந்தும் சேர்ந்தாலன்றிப் பெருவிலங்கு வீழாது என்ற முடிவுக்கு அந்த இளைஞர் அப்போதே வந்துவிட்டார்.

வேட்டை வேட்கை அவரை இலங்கைக்கு இட்டுச் சென்றது. காய்ச்சலுற்று நலிந்த உடல் நுவரெலியாவின் குளிரில் தேறியது. அந்த நன்றியே 1848இல் அங்கு ஒரு குடியேற்றத்தை நிறுவத் தூண்டியது. அப்போது அவரிடம் இரண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கிகளும், பத்தாம் எண் துளையுடைய நான்கு இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் இருந்தன. ஒரு பவுண்டு ஈயத்தில் பத்து உருண்டைகள் வார்த்தால் அவற்றுள் ஒன்று நுழையும் துளையே பத்தாம் எண். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் கருவியில், சுட்டபின் மீண்டும் நிரப்ப விலங்கு அவகாசம் தராது. இரண்டாம் குழலே வேட்டைக்காரனின் உயிர்.

அந்நாளைய இலங்கையில் யானையைக் கொன்று வாலைக் காட்டினால் அரசு பரிசு அளித்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முன் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டென்னன்ட் பதிவு செய்துள்ளார். இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிகக் குறைவு; ஆதலின் வீழ்ந்த உடல்கள் பெரும்பாலும் காட்டிலேயே அழுகின. யானையின் நடையையும் மதத்தையும் பாடிப் பழகிய மொழிக்குரியோர் இக்கணக்கைக் கடந்து செல்வது எளிதன்று. பேக்கரும் இப்படுகொலையில் பங்குகொண்டவரே.

1855இல் இலங்கையை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் மனைவி ஹென்றியெட்டாவையும் இழந்தார். 1861இல் ஃபுளோரன்ஸ் அம்மையாருடன் நைலின் கிளையாறுகளை நாடிச் சென்றார். இலங்கையில் நெற்றியில் பாய்ந்த குண்டு யானையைச் சாய்த்தது. ஆப்பிரிக்க யானையின் மண்டையமைப்பு வேறு. அங்கு அந்த இலக்கு அவரைக் கைவிட்டது. ஆகவே குண்டின் வன்மையை அவர் மீண்டும் எண்ணிப் பார்த்தார். ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் என்பது அவர் கண்ட கலவை. கொப்பரையில் காய்ந்த ஈயத்தில் பாதரசத்தை மொத்தமாகக் கொட்டினால் அது ஆவியாகிவிடும். எனவே அகப்பையில் மூன்று நான்கு குண்டுகளுக்குப் போதுமான ஈயத்தை மட்டும் முகந்து, அதில் பாதரசம் சேர்த்து, விரைந்து கலக்கி அச்சில் வார்த்தார்.

ஹாலண்ட் செய்தளித்த 20 பவுண்டுத் துப்பாக்கி ஒன்றும் அவருடன் சென்றது. அரைப் பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் செலுத்தும் அதற்குப் பேபி என்று பெயர். அரபியர் அதனைப் பீரங்கியின் குழந்தை என்றனர். அதன் பின்னுதைப்புக்கு அவ்வன்மை மிக்க உடலும் அஞ்சியது. ஆனால் செத்தீத் ஆற்றங்கரையில் ஹம்ரான் அரபியர் குதிரையேறி, வாள் ஒன்றையே துணைகொண்டு யானையை எதிர்த்ததைக் கண்டபோது, உயர்ந்த வேட்டைக்காரர் அவர்களே என்று மனமாரப் பாராட்டினார். கருவியின் பெருமை வேறு, நெஞ்சின் பெருமை வேறு என்பதை அறிந்த மனம் அது.

1864 மார்ச் 14இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். 1866இல் சர் பட்டம் பெற்றார். 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளரின் சார்பில் மேல்நைல் பகுதியில் அடிமை வாணிகத்தை ஒடுக்க முயன்றார். காட்டுவிலங்குகளின் இயல்புகளைப் பற்றிய அவரது நூல் 1890இல் வெளிவந்தது. விலங்குக்கேற்ற குண்டு வேண்டும், உள்ளீடற்ற குண்டு பெருவிலங்குக்கு ஆகாது என்று அதில் வற்புறுத்தினார். 1893 டிசம்பர் 30இல் டெவன்ஷயரில் மறைந்தார். புகையில்லா மருந்து வந்து கருமருந்தின் ஆட்சி முடிவுற்றுக்கொண்டிருந்த வேளை அது.

பழைய இரட்டைக்குழல்களுக்கு இன்றும் கையால் தோட்டா நிரப்புவோர் அவர் எழுதிவைத்த அளவுகளை நாடுகின்றனர். கூர்ந்த நோக்கும் அளவின் நேர்மையும் அவர் விட்டுச் சென்ற செல்வம். அந்நோக்கு முழுவதும் ஓர் உயிரை வீழ்த்தும் வழியையே தேடியது என்பது அவ்வாழ்வின் குறை. இரண்டையும் சேர்த்து எண்ணுவதே அவருக்குச் செய்யும் நீதியாகும்.