சிவப்புக்கு அப்பால்: வில்லியம் ஹேர்ஷல்

1757 ஆம் ஆண்டு யூலையில் ஹனோவர் நாட்டுப் படை போரில் தோற்றது. பிரெஞ்சுப் படைகள் உட்புகுந்தன. காவற்படை வாத்தியக் குழுவில் தந்தையோடு பணிபுரிந்த பதின்ம வயது இளைஞன் வில்லியம் ஹேர்ஷல், தமையனுடன் இங்கிலாந்துக்குக் கடல் கடந்தான். படையிலிருந்து முறைப்படி விடுவிக்கும் பத்திரம் 1762 இலேயே எழுதப்பட்டது. அவன் படையை விட்டோடியவன் என்றும், மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் பின்னர் மன்னித்தார் என்றும் கதை பரவியது. பத்திரம் பிந்தினால் ஒட்டிக்கொள்ளும் பழியை எம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இசைத்தாள்களைப் பிரதிசெய்து பிழைப்பைத் தொடங்கியவர், 1766 இல் பாத் நகரத் தேவாலயமொன்றின் ஓர்கன் இசைஞரானார். பெரிய தொலைகாட்டி வாங்க வசதியில்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தாமே ஆடிகளை வார்த்தார். ஒருமுறை உருகிய உலோகம் சிந்தித் தரைக்கற்கள் வெடித்துப் பறந்தன. ஆடியைத் தேய்க்கும் கையை எடுக்க முடியாத வேளைகளில் தங்கை கரோலின் உணவூட்டினார். 1781 மார்ச் 13 இரவில் யுரேனஸைக் கண்டார். மறு ஆண்டில் அரசர் 200 பவுண் ஆண்டு வேதனம் வழங்கினார். 1793 இல் பிரித்தானியக் குடியுரிமையும் கிடைத்தது.

எனினும், அவர் பணிகளுள் 1800 ஆம் ஆண்டுச் சோதனையையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். சூரியனை நோக்கப் பயன்படுத்திய நிறக்கண்ணாடிகள் சில, ஒளியைக் குறைத்தும் வெப்பத்தைக் கடத்துவதை அவர் உணர்ந்தார். அரியத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, குமிழ் கறுப்பாக்கிய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிடுவதற்காக வேறு வெப்பமானிகளை ஒளிக்கு வெளியே வைத்தார். ஊதாவில் 2 பாகை பரனைற்று, பச்சையில் ஏறத்தாழ 3, சிவப்பில் ஏறத்தாழ 7 என வெப்பம் ஏறியது. சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில், இன்னும் கூடியது. தற்செயல் என்பர், அது சரியன்று. சிவப்பை நோக்கி ஏறும் வெப்பத்தின் உச்சம் வெளியே இருக்கலாமென எண்ணியே அங்கு அளந்தார். ஆனால் ஒளியும் அவ்வெப்பமும் வெவ்வேறானவை என்று பின்னர் முடிவுசெய்ததில் தவறினார்.

அந்த அரியமும் வெப்பமானியுமே அகச்சிவப்பு நிறமாலைமானிகளின் மூதாதை. சூழலின் வெப்பத்தைப் பிரித்தறிவதே அன்றும் இன்றும் இத்தொழிலின் வில்லங்கம்: கருவியின் சொந்தச் சூடே விண்மீனின் மங்கிய கதிரை மூழ்கடித்துவிடும். ஆகவே கமராக்களை உறைகுளிரில் வைக்கின்றனர். 2009 இல் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஏவிய, ஹேர்ஷலின் பெயர் தாங்கிய 3.5 மீற்றர் தொலைகாட்டியின் கருவிகளைத் திரவ ஹீலியம் குளிர்வித்தது. 2013 ஏப்ரலில் அது தீர்ந்ததும் நோக்கலும் நின்றது.

ஹேர்ஷல் 1822 ஓகஸ்ற் 25 இல், புகுந்த நாட்டிலேயே காலமானார். ஐம்பது ஆண்டுகளை அங்கு கழித்த கரோலின் அவ்வாண்டே ஹனோவர் திரும்பினார். ஊர் மாறியிருந்தது, அவசரப்பட்டுத் திரும்பியதற்காக அவர் வருந்தினார்.