எட்மண்டு ஹாலியார்

கண்ட பொருளைக் கண்டவாறே குறித்துவைப்பார் அறிவுடையாருள் ஒரு வகையினர். கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றை உய்த்துணர்வார் மற்றொரு வகையினர். முன்னையோரின்றிப் பின்னையோர்க்கு முதலில்லை. பின்னையோரின்றி முன்னையோர் உழைப்புக்கு முழுப்பயனில்லை. இவ்விரு தொழிலையும் ஒருங்கே ஆற்றி, அவற்றோடு உய்த்துணர்தற்கு இடமில்லாதவிடத்துக் கையை நிறுத்திக்கொள்ளும் அடக்கத்தையும் உடையவராய் விளங்கியவர் எட்மண்டு ஹாலியார். வால்நட்சத்திரம் ஒன்றின் பெயரால் இவரை உலகம் அறியும். ஆயினும், கடற்பரப்பிற் சிதறிக்கிடந்த சில அளவுகளைக் கொண்டு இவர் வளைவரைகள் தீட்டிய அருஞ்செயலை அறிந்தார் சிலரே. அதனை நடுவாக வைத்து இவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலியார் 1656-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரையடுத்த ஹாகர்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் சவர்க்காரம் செய்து விற்ற செல்வர். மைந்தரின் கல்விக்கு வேண்டும் பொருளைச் சுருக்காது செலவிட்டவர். தூய பவுல் பள்ளியில் மாணவராயிருந்த காலத்திலேயே, அஃதாவது 1672-ஆம் ஆண்டிலேயே, ஹாலியார் இலண்டனிற் காந்த ஊசியின் நிலையை அளந்து, அது மெய்வடக்கினின்று மேற்கே இரண்டரைப் பாகை விலகி நிற்றலைக் கண்டார். பதினாறு வயதுச் சிறுவர் குறித்துவைத்த அவ்வளவு, பிற்காலத்து அவர்தம் பெருமுயற்சிக்கு வித்தாயிற்று.

1673-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக் குயீன்ஸ் கல்லூரியிற் சேர்ந்த இவர், பட்டம் பெறும்வரை ஆங்கிருந்தாரல்லர். வடதிசை விண்மீன்களை அளப்பார் பலர் இருப்ப, தென்திசை விண்மீன்களை முறையாக அளந்தார் இலர் என்பதை உணர்ந்து, 1676-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயிண்ட் ஹெலினாத் தீவுக்குக் கப்பலேறினார். அத்தீவில் மேகமும் மழையும் இவர்க்குப் பெரிதும் இடையூறு விளைத்தன. எனினும் 341 விண்மீன்களின் இடங்களை அளந்துகொண்டு 1678-இல் தாய்நாடு திரும்பினார். அரசர் இரண்டாம் சார்லஸின் ஆணையால் ஆக்ஸ்போர்டு இவர்க்குப் பட்டம் வழங்கியது. இலண்டன் ராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. அப்பொழுது இவர்க்கு வயது இருபத்திரண்டே.

1684-ஆம் ஆண்டில் இவர் கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனாரைக் கண்டு, கோள்கள் செல்லும் வழியைப் பற்றி வினவியதும், அவ்வினாவின் பயனாக நியூட்டனாரின் பெருநூல் தோன்றியதும் அறிஞர் அறிந்தனவே. அந்நூலை அச்சிட ராயல் சங்கத்தினிடம் பொருளில்லை. மீன்களின் வரலாறு கூறும் நூலொன்றை வெளியிட்டு அது தன் பொருளைச் செலவிட்டிருந்தது. ஹாலியார் தம் கைப்பொருளைக் கொண்டே 1687-இல் நியூட்டனாரின் நூலை வெளிவரச் செய்தார். பிறர் புகழுக்குத் தாம் பொருள் கொடுத்த பெருந்தன்மை இஃது.

பலரிடத்துச் சிதறிக்கிடக்கும் செய்திகளைத் தொகுத்து ஒரு படத்தில் அமைக்கும் விருப்பம் இவர்பால் முன்னரே இருந்தது. 1686-இல் வெப்ப மண்டலக் கடல்களில் வீசும் காற்றுக்களைக் காட்டும் படமொன்றை வெளியிட்டார். மாலுமிகள் தத்தம் வழியிற் கண்ட காற்றுக்களை இவர் கேட்டுத் தொகுத்தமையால் விளைந்த படம் அது. அதனினும் அரிய செயல் பின்னர் நிகழ்ந்தது.

காந்த ஊசி வடக்கையே காட்டும் என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மையில் அது பெரும்பாலான இடங்களில் மெய்வடக்கினின்று கிழக்கேயோ மேற்கேயோ சிறிது விலகியே நிற்கும். இவ்விலக்கம் இடத்துக்கிடம் வேறுபடும். ஓரிடத்திலேயே காலத்துக்குக் காலம் மாறும். இலண்டனில் 1580-இல் கிழக்கே 11 பாகைக்குச் சிறிது மிகுதியாயிருந்த விலக்கம், 1634-இல் கிழக்கே ஏறத்தாழ 4 பாகையாகக் குறைந்து, 1692-இல் மேற்கே 6 பாகையாயிற்று. ஆறு பாகை என்பது ஏட்டிற் சிறிதாகத் தோன்றும். அப்பிழையோடு 100 மைல் செல்லும் கப்பல், சேரவேண்டிய இடத்துக்கு 10 மைலுக்கு மேல் அகன்று நிற்கும். இருளிலும் மூடுபனியிலும் பத்து மைல் பிழைத்த கப்பல் பாறையில் மோதுமாயின், அதிலுள்ளார் உயிர்க்கு உறுதி ஏது? ஆதலின் விலக்கத்தை அறிதல் புலவர்க்குப் பொழுதுபோக்காக மட்டும் இராது, மாலுமிகளுக்கு உயிர்ப்பிரச்சினையாகவும் இருந்தது.

இதனை ஆராயும்பொருட்டு அரசாங்கத்தார் பாரமூர் என்னும் 52 அடி நீளமுள்ள சிறு கப்பலைக் கட்டுவித்தனர். கடற்படையிற் பணியாற்றாத ஹாலியாரையே அதற்குக் கப்பித்தானாக நியமித்தனர். 1698-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புறப்பட்ட முதற்பயணம் இனிது நிறைவேறவில்லை. கலைஞர் ஒருவர் தமக்குத் தலைவராயிருத்தலை விரும்பாத துணைத்தலைவர் ஆணையை மீறினார். ஹாலியார் அவரை அறையில் இருத்தி, தாமே கப்பலைச் செலுத்திக்கொண்டு 1699-இல் இங்கிலாந்து சேர்ந்தார். ஏட்டறிவினர் எனத் தம்மை இகழ்ந்தார்க்கு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து காட்டியதே இவர் அளித்த விடை.

அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் புறப்பட்டார். பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோவைக் கடந்து, தெற்கே 52 பாகை அட்சத்துக்கும் அப்பாற் சென்றபொழுது, 1700-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், தட்டையான உச்சியையுடைய பெரும் பனிமலைகள் கடலில் மிதந்து எதிர்ப்பட்டன. மூடுபனியிடையே அவற்றில் மோதாது தப்பியது இறைவன் அருளே எனல் வேண்டும். இப்பயணத்திற் சிறுவன் ஒருவன் கடலில் வீழ்ந்து மாண்டான்; அவனை நினைக்குந்தோறும் ஹாலியார் கண்ணீர் உகுத்தார் என்பர். செயிண்ட் ஹெலினா, பார்படோஸ், பெர்முடா, நியூபவுண்ட்லாந்து ஆகிய இடங்களைத் தொட்டு, 1700 செப்டம்பரில் ஊர் திரும்பினார்.

பயணம் முழுவதும் இவர் செய்த வேலை ஒன்றே. ஞாயிறு எழும்பொழுதும் படும்பொழுதும் அது காந்த ஊசியின்படி எத்திசையில் நிற்கின்றது என்று பார்ப்பார். உண்மையில் எத்திசையில் நிற்றல் வேண்டும் என்பதைக் கணக்கால் அறிவார். இரண்டுக்குமுள்ள வேறுபாடே அவ்விடத்து விலக்கம். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்தார். அவையெல்லாம் கப்பல் சென்ற வழியில், வானம் தெளிந்த நாள்களிற் கிடைத்தவை. ஆதலின் ஒழுங்கான இடைவெளியின்றிச் சிதறிக்கிடந்தன.

இவ்வெண்களை அட்டவணையாக வெளியிட்டு அமைந்திருக்கலாம். அட்டவணை காண்பார்க்கு எண்கள் தெரியும். எண்களுக்கிடையே உள்ள உறவு தெரியாது. ஹாலியார் ஒத்த விலக்கமுடைய இடங்களையெல்லாம் ஒரே வளைவரையால் இணைத்தார். இத்தகைய வரையின் நெறியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓரிடத்தில் விலக்கம் 4 பாகை, மற்றோரிடத்தில் 8 பாகை என்று கொள்வோம். இடையே அது சீராக மிகுமாயின், 5 பாகைக்குரிய புள்ளி வழியின் காற்பங்கிலும், 6 பாகைக்குரியது அரைப்பங்கிலும், 7 பாகைக்குரியது முக்காற்பங்கிலும் அமையும். அளவுகளின் ஒவ்வோர் இணைக்கும் இவ்வாறு கண்டு, ஒத்த எண்ணுடைய புள்ளிகளை இணைப்பின் வளைவரை தோன்றும். ஒருவரும் அளந்திராத இடத்தின் விலக்கத்தையும் மாலுமி அப்படத்தை நோக்கி அறிந்துகொள்ளலாம்.

1701-ஆம் ஆண்டில் வெளிவந்த அட்லாண்டிக் கடற்படம், இத்தகைய வரைகளோடு அச்சிடப்பெற்ற படங்களுள் முன்னோடியாயிற்று. விலக்கம் சிறிதுமில்லாத வரையை மட்டும் இரட்டைக் கோட்டாற் காட்டினார். அடுத்த ஆண்டில் உலகக் கடற்படத்தை வெளியிட்டார். அதில், தாம் செல்லாத இந்து மாகடலிலும் பிறர் அளந்த அளவுகளைக் கொண்டு வரைகள் இழுத்தார். ஆனால் பசிபிக் மாகடலின் பெரும்பரப்பை வரையின்றி வெறுமையாகவே விட்டார். ஆண்டு நம்பத்தக்க அளவுகள் போதியவாறு இவர்க்குக் கிட்டவில்லை.

இவ்வெறுமையே ஹாலியாரின் பெருமையை நமக்கு நன்கு உணர்த்துகின்றது. இவர் கற்பனை வறியவரல்லர். பூமியின் உள்ளே சுழலும் மற்றோர் உருண்டை உண்டு என்றும், அதனாலேயே விலக்கம் மாறுகின்றது என்றும் 1692-இல் ஒரு கொள்கை வகுத்தவர். அக்கொள்கையை நம்பிப் பசிபிக் கடலையும் வரைகளால் நிரப்பியிருக்கலாம், படம் அழகாயிருந்திருக்கும், வாங்குவாரும் மகிழ்ந்திருப்பர். ஆயின் அப்படத்தை நம்பிச் செல்வோர் உயிருக்கு யார் பிணை? தாம் வகுத்த கொள்கையைப் பிறர் ஆராயும்பொருட்டுக் கட்டுரையில் வைத்தார். மாலுமி கையில் தரும் படத்தில் வைத்திலர். அன்றியும், விலக்கம் மெல்ல மாறிவருதலால் தம் வரைகளைக் காலந்தோறும் திருத்தல் வேண்டும் என்பதையும் தாமே அறிவித்தார். அவ்வாறே அவர் மறைந்தபின், 1744-ஆம் ஆண்டுக்கும் 1756-ஆம் ஆண்டுக்கும் உரியனவாக அப்படம் புதிய அளவுகளைக் கொண்டு திருத்தப்பெற்றது.

1691-இல் ஆக்ஸ்போர்டு வானநூற் பேராசிரியர் பதவியை விழைந்தபொழுது, சமய நம்பிக்கையில் உறுதியற்றவர் என்ற ஐயம் இவர்க்குத் தடையாக எழுந்தது; பதவி பிறர்க்குச் சென்றது. பின்னர் 1704-இல் அப்பல்கலைக்கழகமே இவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றது. இவருடைய உள்ளத்து நம்பிக்கையை அளந்தறிதல் நமக்கு இயலாது. ஆனால் காணாததைக் கண்டதாகக் கூறாமை நம் சமயமும் போற்றும் அறமன்றோ? அவ்வறத்தில் இவர் வழுவிலர்.

இதே நெறி வால்நட்சத்திர ஆராய்ச்சியிலும் விளங்கிற்று. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய மூன்று வால்நட்சத்திரங்களும் ஒன்றே என உய்த்துணர்ந்து, அது 1758-இல் மீளும் என்று 1705-இல் வெளியிட்ட நூலிற் கூறினார். கடலிற் சிதறிய இடங்களை வரையால் இணைத்தவர், காலத்திற் சிதறிய காட்சிகளைக் கணக்கால் இணைத்தார் என்க. 1720-இல் அரசாங்க வானநூலாராய் அமர்ந்து, 1742-ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பத்தைந்தாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாம் முன்னறிவித்த காட்சியைக் காண இவர் உயிரோடில்லை. 1758-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, ஜெர்மானிய நாட்டுச் சாக்சனியில் பாலிட்சு என்னும் உழவர் அவ்வால்நட்சத்திரத்தை வானிற் கண்டார்.

ஹாலியாரின் வரைகள் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கின. 1774-இல் ஸ்காத்லாந்து நாட்டு ஷிஹாலியன் மலையில் எடுத்த அளவுகளைக் கணக்கிடுங்கால், சார்லஸ் ஹட்டனார் சிதறிய உயர அளவுகளுள் ஒத்தவற்றை வரையால் இணைத்து மலையின் வடிவை உணர்ந்தார். 1817-இல் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெப்பநிலைக்கும் அம்முறையைக் கையாண்டார்.

இன்று அவ்வேலையைக் கணினி ஓரிமைப்பொழுதிற் செய்கின்றது. பைதான் மொழிக்குரிய மேட்பிளாட்லிப் போன்ற நிரல் நூலகங்கள், சிதறிய புள்ளிகளை மும்மூன்றாகச் சேர்த்து முக்கோணங்களாக்குகின்றன. மெலிந்த முக்கோணங்கள் இயன்றவரை அமையாதவாறு சேர்க்கும் நெறியை 1934-இல் டெலோனே என்னும் ரஷிய கணித அறிஞர் வெளியிட்டார். பின்னர், மேலே கூறிய காற்பங்கு, அரைப்பங்குக் கணக்கின்படியே முக்கோணத்தின் பக்கங்களில் உரிய புள்ளியைக் கண்டு, அவற்றை இணைத்து வரையாக்குகின்றன. புறத்தேயுள்ள புள்ளிகளின் எல்லைக்கு அப்பால் அவை வரை இழுப்பதில்லை. ஆயின் எல்லைக்குள்ளே அளவில்லாத வெற்றிடம் இருப்பினும், அதன் குறுக்கே நெடிய முக்கோணம் ஒன்றை அமைத்துத் தயங்காது வரை இழுத்துவிடும். அளந்த இடமும் அளவாத இடமும் காண்பார் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். அத்தகைய முக்கோணத்தை மறைத்து, அவ்விடத்தை வெறுமையாக விடுக எனப் பணிக்க வேண்டியவன் மனிதனே.

நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயில்வார்க்கு மட்டுமன்றி, வரலாறும் இலக்கியமும் பயில்வார்க்கும் இவ்வுண்மை உரியதாகும். சிதைந்த கல்வெட்டுச் சிலவற்றைக் கொண்டு ஓர் அரசன் காலத்தை எழுதுவாரும், புலவர் ஒருவரின் சில பாடல்களைக் கொண்டு அவர் வாழ்வை எழுதுவாரும் புள்ளிகளை இணைத்து வரை இழுப்பவரே. வரை இழுக்க அஞ்சுதல் அறிவுக்கு அழகன்று. புள்ளியில்லாதவிடத்து இழுத்தல் நேர்மைக்கு அழகன்று. பனிமலைகளுக்கிடையே சென்று அளந்து, அளந்தவற்றைத் துணிந்து இணைத்து, அளவாத கடலை வெறுமையாக விட்ட ஹாலியாரின் படம் இவ்விரண்டையும் நமக்குக் கற்பிக்கின்றது.