வண்ண ஒளி கண்ட நங்கை

நாடக அரங்கில் நம் கண்ணைக் கவர்வன நடிகர்தம் கோலமும் திரைச்சீலையும் மட்டும் அல்ல. அவற்றின்மேல் விழும் வண்ண ஒளியும் ஆகும். எக்காட்சிக்கு எந்நிற ஒளி பொருந்தும் எனத் தேர்ந்து அமைப்பது ஓர் அரிய கலை. அக்கலைக்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் லோயி புல்லர் என்னும் அமெரிக்க அம்மையார் ஆவார்.

இவர் 1862-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துப் புல்லர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே மேடை ஏறினார். ஆயினும், நடனத்தை முறையாகப் பயின்றார் அல்லர். ஆடும் ஆடையின்மேல் ஒளி விழுந்து விளைக்கும் அழகே அவர் உள்ளத்தை ஈர்த்தது. பல முழம் வெண்பட்டால் அகன்ற ஆடை தைத்துக்கொண்டார். ஆடைக்குள் நீண்ட கோல்களைப் பொருத்தி, அவற்றைக் கையாற் பற்றிச் சுழற்றினார். ஆடை அலையாய் எழுந்தது, மலராய் விரிந்தது.

இதனைக் கண்ட பிறர் அவ்வாட்டத்தை அப்படியே மேற்கொண்டனர். அம்மையார் 1892-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வழக்குத் தொடுத்தார். அவ்வாட்டம் கதை எதனையும் கூறவில்லை. ஆதலின் அது நாடகம் ஆகாது என நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கில் தோற்றவர் மனம் தளரவில்லை. பாரிசு நகரை அடைந்தார். அங்கும் அவ்வகை ஆட்டத்தை ஆடுவார் ஒருவர் முன்னரே இருந்தார்! எனினும், அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் போலி பெர்ழேர் என்னும் அரங்கில் ஆடி, அம்மையார் பெரும்புகழ் எய்தினார்.

அவர்தம் வெற்றியின் நுட்பம் யாது? விளக்கின் முன் இடும் வண்ணக் கண்ணாடியோ ஜெலட்டின் தாளோ ஒளிக்குப் புதுநிறம் ஊட்டுவதில்லை. தன் நிறத்தை வெளியே விட்டு, ஏனைய நிறங்களைத் தடுத்து நிறுத்துகிறது. சிவப்பொளி பச்சை ஆடைமேல் விழுந்தால் அவ்வாடை கருத்துத் தோன்றும். வெள்ளாடையோ எந்நிற ஒளியையும் ஏற்கும். ஆதலின் அம்மையார் வெண்பட்டைத் தேர்ந்தார். பின்புறத்தே கருந்திரை இட்டார். அடர்ந்த நீலம் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்; அதற்கேற்ப விளக்கின் ஆற்றலும் மிகவேண்டும். ஆகவே ஆற்றல் மிக்க மின்விளக்குகளைப் பல திசைகளிலும் நிறுத்தி, அவற்றின் முன் வண்ணக் கண்ணாடிகளைச் சுழலச் செய்தார். விளக்குதோறும் நின்ற பணியாளர், அம்மையாரின் காலசைவையும் கையசைவையும் குறிப்பாகக் கொண்டு நிறங்களை மாற்றினர். தீ நடனத்தில், கண்ணாடி பதித்த தளத்தின் கீழிருந்து செவ்வொளி எழுந்தது. ஆடுபவர் அனலிடை நிற்பவர்போலத் தோன்றினார்.

பிற்கால அரங்குகளில் மேலே நீளத் தொங்கும் வரிசை விளக்குகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மாறிமாறித் தாள் இட்டனர். ஒன்றனைக் கூட்டியும் ஒன்றனைக் குறைத்தும் பன்னிறங்களைப் பெற்றனர். ஒளியை வண்ணந்தீட்டும் கோலாக ஆளலாம் என்பதை அவர்களுக்கு முன்னரே மேடையில் மெய்ப்பித்தவர்களுள் இவ்வம்மையார் தலைசிறந்தவர்.

ஆடைக்கும் மேடைக் கருவிக்கும் அவர் 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். 1900-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் அவருக்கெனத் தனி அரங்கே எழுந்தது. ரேடியத்தின் ஒளியால் ஆடை செய்ய விரும்பிக் கியூரி தம்பதியரை அணுகினார். அது கைகூடாது என அவர்கள் அன்புடன் விளக்கினர். அதற்கு நன்றியாக, அவர்தம் இல்லத்திற்கே தம் விளக்குகளைக் கொண்டுசென்று ஆடிக் காட்டினார்.

இடைவிடாது கண்ணிற் பட்ட கடுவொளி அவர்தம் பார்வையை நலிவித்தது. ஆயினும் அவர் தம் ஆய்வை விட்டாரல்லர். 1928-ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் பாரிசில் உயிர்நீத்தார்.

மாணவர்களே! ஆட்டத்தைப் பிறர் கவர்ந்தனர், ஆடையையும் கவர்ந்தனர். ஆனால், எந்த நொடியில் எந்த நிறம் வேண்டும் எனத் தெளிந்த அவர்தம் அறிவைக் கவர்வார் இலர். உழைத்துத் தேடிய அறிவே ஒருவர்க்கு உற்ற செல்வம் என்பதனை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.