கிராமம் கிராமமாக அலைந்த கலெக்டர் – குருசதய் தத்

 

நம் சுவர் இதழில் ‘வாழ்க்கை வரலாறு’ பகுதி என்றாலே விஞ்ஞானி வருவார், இல்லாவிட்டால் விடுதலைப் போராட்ட வீரர் வருவார். இந்தத் தடவை நான் ஒரு கலெக்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர்! பெயர் குருசதய் தத். நம்ம பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர் கிடையாது. ஆனால் கல்கத்தாவில் பாலிகஞ்ச் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. வங்காளத்தில் நாட்டுப்புறக் கலை என்று யார் பேச ஆரம்பித்தாலும் இவரைத் தொடாமல் போக முடியாது.

1882-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி, சில்ஹெட் மாவட்டத்தில் பீரஸ்ரீ என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே அப்பாவையும் இழந்தார், அம்மாவையும் இழந்தார். படிப்பில் மட்டும் விடவே இல்லை. 1901-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வு எழுதி முதலிடம் வாங்கினார். (எஃப்.ஏ. என்பது இப்போதைய பிளஸ் டூ மாதிரி.) சில்ஹெட்காரர்களின் சங்கம் ஒன்று உதவித்தொகை கொடுத்து இவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கேம்பிரிட்ஜில் படித்தார், ஐ.சி.எஸ். தேர்வில் தேறினார், பாரிஸ்டர் பட்டமும் வாங்கிக்கொண்டு 1905-இல் ஊர் திரும்பினார். அப்போது ஐ.சி.எஸ். என்றால் சும்மா இல்லை. கோட்டு, சூட்டு, பெரிய பங்களா, வாசலில் சேவகன். அத்தோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

1906-இல் சரோஜ் நளினியைத் திருமணம் செய்துகொண்டார். இந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு தாள் எழுதலாம். கணவருக்கு மாற்றல் ஆகும் ஊருக்கெல்லாம் கூடவே போனவர், அங்கங்கே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களைப் பார்த்தார். 1913-இல் பாப்னாவில் முதல் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் ஓர் இடத்தில் கூடினாலே ஊர் தப்பாகப் பேசிய காலம் அது. அந்தச் சங்கங்களில் படிப்பு, சுகாதாரம், கைத்தொழில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 1925 ஜனவரியில் சரோஜ் நளினி இறந்துபோனார். தத் அதற்குள் முடங்கிப் போகவில்லை. அடுத்த மாதமே மனைவி பெயரில் ஒரு சங்கத்தை ஆரம்பித்து அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார். மனைவியின் வாழ்க்கையையும் புத்தகமாக எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1929-இல் லண்டனில் வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர்.

பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கையால் செய்கிற பொருள்களை மதித்துப் பார்க்கும் கண் தத்துக்கு மனைவியிடமிருந்துதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி வேலைக்கு வருவோம். 1928-இல் அவர் ஹௌரா மாவட்ட மாஜிஸ்திரேட். அங்கே பாமன்காச்சி என்ற இடத்தில் ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. விசாரித்து எழுதிய தீர்ப்பில் தத் போலீஸைக் கடுமையாகக் கண்டித்தார். வெள்ளைக்கார அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரி செய்தது தவறு என்று எழுதினால் சும்மா விடுவார்களா? லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் விவகாரம் போனது. அவரைத் தூக்கி மைமன்சிங்குக்கு மாற்றினார்கள். அங்கே போனாரா, 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. அதை அடக்கவில்லை என்று அங்கிருந்தும் மாற்றல், பீர்பூம் மாவட்டத்துக்கு.

ஆனால் பாருங்க, தண்டனையாகக் கிடைத்த இந்த இரண்டு மாற்றல்கள்தான் வங்காளத்துக்கு லாபமாகிவிட்டது. மைமன்சிங் கிழக்கு வங்காளம். ஆறும் படகும் சதுப்பும். பீர்பூம் மேற்கு, செம்மண் பூமி. இரண்டையும் ஒரே மனிதர் அடுத்தடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

1929-இல் இங்கிலாந்தில் இருந்தபோது லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஆங்கில நாட்டுப்புற நடன விழா ஒன்றைப் பார்த்தார். படித்தவர்களும் பணக்காரர்களும் தங்கள் கிராமத்து ஆட்டத்தைப் பெருமையோடு ஆடினார்கள். நம் நாட்டில் அப்படி ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. திரும்பி வந்து அதே ஆண்டு மைமன்சிங்கில் நாட்டுப்புற நடனத்துக்கும் இசைக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அங்கே முஸ்லிம் விவசாயிகள் வட்டமாக நின்று கர்பலா கதையைப் பாடி ஆடும் ஜாரி ஆட்டத்தை அரங்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பீர்பூமில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே ராய்பென்ஷே என்று ஓர் ஆட்டம். பாக்தி, பாவுரி, டோம் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் ஆடுவது. கல்யாண ஊர்வலங்களில் பெண் வேஷம் போட்டு ஆடி நாலு காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது கேலிக்கூத்து. தத் உட்கார்ந்து கவனித்தார். அடிகளையும் பாய்ச்சலையும் பார்த்தால் வில் இழுப்பது போலவும், ஈட்டி எறிவது போலவும், குதிரை ஓட்டுவது போலவும் இருந்தன. ராய் பாஞ்ஷ் என்றால் போரில் பயன்பட்ட மூங்கில் தடி. அப்படியானால் இவர்கள் பழைய ஜமீன்களின் காலாட்படை வீரர்களின் வாரிசுகள் என்று கண்டுகொண்டார். வலது காலில் மட்டும் சலங்கை கட்டி ஆடும் அந்த ஆட்டத்தை, கலெக்டரே அவர்களோடு சேர்ந்து ஆடினார்! சக ஐ.சி.எஸ். அதிகாரிகள் சிரித்தார்கள். பட்டணத்துப் படித்தவர்களும் சிரித்தார்கள். மனுஷன் நிறுத்தவில்லை.

ஆட்டத்தைத் தேடிப் போன இடத்தில்தான் பொருள்களும் கண்ணில் பட்டன. மாவட்ட அதிகாரி என்றால் சுற்றுப்பயணம் போய்த்தான் ஆகணும். மற்றவர்கள் வரிக்கணக்கும் வழக்கும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இவர் குயவர் வீடு, தச்சர் வீடு, பட்டுவாக்கள் குடியிருப்பு, கிராமத்துச் சமையலறை என்று புகுந்து பார்ப்பார். 1929-லிருந்து 1939 வரை சுமார் பத்து வருஷம் சேர்த்தார். 1931-இல் கிராமத்துக் கலைச் செல்வங்களைக் காக்க ஒரு சங்கமும் தொடங்கினார். 1932-இல் கல்கத்தாவில் தன் சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தார். அஜந்தாவும் முகலாய ஓவியமும்தான் கலை என்று நினைத்துக்கொண்டிருந்த நகரத்தில் பழந்துணியையும் மண்பொம்மையையும் கொண்டுபோய் வைத்தார்.

அவர் சேர்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது காந்தா. பெயரைக் கேட்டதும் ஏதோ பட்டுப் புடவை என்று நினைக்காதீர்கள். கட்டிக் கட்டி நைந்துபோன சேலை, வேட்டிதான் மூலப்பொருள். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, சாதாரண ஓட்டுத் தையலால் தைப்பார்கள். ஊசியைத் தவிர எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்! நடுவில் தாமரை, நாலு மூலையிலும் மரம், இடையில் யானை, பல்லக்கு, மீன், தேர் என்று எல்லாம் வரும். குளிருக்குப் போர்த்துவது ஒன்று, புத்தகம் சுற்றி வைப்பது ஒன்று, கண்ணாடி சீப்பு சுருட்டி வைப்பது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. மத்தியான வேளையில் வேலை ஓய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தைப்பதால் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும், சிலது வருஷக்கணக்கு. விற்பதற்காகத் தைத்ததில்லை. பிறந்த குழந்தைக்கு, மருமகனுக்கு, அப்பாவுக்கு என்று அன்பாகக் கொடுப்பது. நம்ம வீட்டில் பழைய சேலை தரை துடைக்கப் போய்விடுகிறதே!

தத்தின் சேகரிப்பில் குல்னா பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா ஒன்று மிகவும் புகழ் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்பாவுக்காகத் தன் கையால் செய்தது என்று வங்காள எழுத்திலேயே அதில் தைத்து வைத்திருக்கிறார். சிப்பாய்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும்கூட அந்தத் துணியில் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித் தைத்திருப்பார்கள், பெயர் தங்கியது ஒரு சிலருக்குத்தான். (இந்தத் தாளின் ஓரத்தில் நான் போட்டிருக்கும் தாமரை காந்தா மாதிரிதான். சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டதால் பாதி இதழ் ஆரஞ்சு.)

அடுத்து பட்டுவாக்கள். நீளமான சுருளில் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, வீடு வீடாகப் போய், சுருளை மெல்ல அவிழ்த்து, விரலால் காட்டிக்கொண்டே பாடுவார்கள். சினிமா வராத காலத்து சினிமா! விளக்குக் கரியில் கறுப்பு, மஞ்சளில் மஞ்சள், இலைச்சாற்றில் பச்சை, வில்வப் பிசின் பசைக்கு, பின்பக்கம் கிழியாமல் இருக்கப் பழைய துணி. இவர்கள் ராமாயணம், கிருஷ்ண லீலை, மனசாதேவி கதை எல்லாம் வரைவார்கள். ஆனால் வீட்டு வழக்கங்களில் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒரே ஆளுக்கு இந்துப் பெயர் ஒன்றும் முஸ்லிம் பெயர் ஒன்றும் இருப்பது சாதாரணம். இரண்டு பக்கமும் இவர்களை முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. தத் இவர்களுடைய சுருள்களை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை, பாட்டுகளையும் எழுதி எடுத்தார். அவை 1939-இல் புத்தகமாக வந்தன. பாட்டில்லாத சுருள் பாதிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சந்தால் மக்களிடையே போகும் ஜாது பட்டுவாக்கள் இன்னொரு வகை. யாராவது இறந்துவிட்டால், அவர் படத்தைக் கண்மணி இல்லாமல் வரைந்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். செத்தவர் மறு உலகத்தில் கண் தெரியாமல் அலைகிறார் என்று சொல்லி, காணிக்கை வாங்கிக்கொண்டு கண்மணியைப் போடுவார்கள். இதை ஏமாற்று என்பதா, துக்கத்துக்கு ஆறுதல் என்பதா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு இடைவேளை முழுக்கச் சண்டை நடந்தது.

சந்தேஷ் என்ற பால் இனிப்பை அழுத்தி எடுக்கும் அச்சுகள், மாம்பழச் சாற்றைக் காயவைக்கும் மண், கல் அச்சுகள், மரப் பொம்மைகள், சுடுமண் சிற்பங்கள், பித்தளை வார்ப்புகள் எல்லாவற்றையும் விடாமல் சேர்த்தார். தின்று தீர்க்கப்போகிற பண்டத்தில் மீனும் பூவும் எதற்கு? அதைத்தான் கலை என்றார் தத்.

1932-இல் ‘பிரதசாரி’ இயக்கத்தைத் தொடங்கினார். விரதம் பூண்டவர் என்று பொருள். அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி ஆகிய ஐந்தும் அதன் விரதங்கள். மாணவர்கள் நாட்டுப்புற ஆட்டங்களை ஆட வேண்டும், குளத்தில் ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும், சாதி மதம் பார்க்கக் கூடாது. இதுபோக உறுதிமொழி பதினாறு! பி.டி. சாருக்கு இது தெரிந்தால் நம் கதி என்ன? விளையாட்டு இருக்கட்டும், ஒன்று சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் ஆட்டம் பள்ளிக்கூட டிரில் ஆனபோது அதன் முரட்டு அழகு கொஞ்சம் குறைந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அவர் எடுக்காவிட்டால் அந்த ஆட்டம் கேலிக்கூத்தாகவே முடிந்திருக்கும்.

1940-இல் ஓய்வு பெற்றார். கல்கத்தாவுக்குத் தெற்கே ஜோகாவில் நிலம் வாங்கி ‘பிரதசாரி கிராமம்’ அமைக்கத் தொடங்கினார். முழுசாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1941 ஜூன் 25-இல் காலமானார். வயது 59.

ஆறு வருஷம் கழித்து 1947-இல் வங்காளம் இரண்டானது. அவர் பிறந்த சில்ஹெட், ஜாரி ஆட்டம் பார்த்த மைமன்சிங், மானதாசுந்தரியின் குல்னா எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. கோடு போடுவதற்கு முன்பே அவர் அலைந்துவிட்டதால் இரண்டு பக்கத்துப் பொருள்களும் ஒரே சேகரிப்பில் சேர்ந்திருக்கின்றன. 1963-இல் ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவர் கொடுத்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். பின்னால் சேர்ந்தவற்றோடு மூவாயிரத்தைத் தாண்டியது.

2017-இல் மத்திய ஜவுளி அமைச்சகம் அந்த அருங்காட்சியகத்துக்கான நிதி ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது. ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். பழைய துணியும் காகிதமும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் சீக்கிரம் பலியாகும். தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கணும். சம்பளம் நின்ற பிறகும் சில ஊழியர்கள் அந்த வேலையை விடாமல் செய்துவந்தார்கள்.