சிப்பாயாகச் சேர்ந்து பீல்டு மார்ஷல் ஆனவர்

பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பீல்டு மார்ஷல் என்ற உச்சப் பதவியைப் பிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சர் வில்லியம் ராபர்ட்சன். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்கே தலைமை வகித்தவர். தையற்காரரின் மகன், பணக்காரர் வீட்டில் வேலையாளாக இருந்தவர்.

அவர் ஏறிய படிகளிலே மிகவும் கடினமானது கடைசிப் படி அல்ல. நடுவில் இருந்த ஒரு படிதான். அதைத் தாண்டியபின் அவருக்குக் கைகொடுத்தது இந்தியா.

தையற்காரர் மகன்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் வெல்பர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1860-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி ராபர்ட்சன் பிறந்தார். தந்தை தையல் வேலையுடன் அந்த ஊர்த் தபால் நிலையத்தையும் கவனித்து வந்தார். மகன் உள்ளூர் மாதா கோவில் பள்ளியில் படித்தான். படித்து முடித்ததும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, வாரத்துக்கு 6 பென்ஸ் சம்பாதித்தான். பிறகு எடுபிடி வேலை. கார்டிகன் சீமாட்டியின் மாளிகையில் சீருடை அணிந்த வேலையாளாகவும் இருந்தான்.

1877-ம் ஆண்டு நவம்பரில், 18 வயது நிறைவதற்கு முன்பே, வயதைக் கூட்டிச் சொல்லி 16-வது லான்சர்ஸ் குதிரைப் படையில் சேர்ந்துவிட்டார். 12 ஆண்டு ஒப்பந்தம்.

தாய் துடித்துப் போனாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பட்டாளத்துக்குப் போவது என்றால் குடும்பத்துக்கே அவமானம். வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்களும் குடிகாரர்களும் போய்ச் சேரும் இடம் என்று ஊரார் நினைத்தார்கள். மகன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதைவிட அவனைப் புதைகுழியில் பார்ப்பதே மேல் என்று அவள் கடிதம் எழுதினாள்.

ராபர்ட்சன் திரும்பிப் போகவில்லை. முரட்டுக் கும்பலின் நடுவே புத்தகமும் கையுமாக இருந்தார். ராணுவக் கல்விச் சான்றிதழ்களுக்குப் படித்துத் தேறினார். வழியில் சறுக்கலும் உண்டு. அவருடைய காவலில் இருந்த கைதி ஒருவன் தப்பி ஓடியதால், தலை மயிர் வெட்டப்பட்டு மூன்று வாரம் சிறையில் இருந்தார். ஆனாலும் 1879-ல் கார்ப்பொரல், 1882-ல் சார்ஜண்ட், 1885-ல் ட்ரூப் சார்ஜண்ட் மேஜர் என்று உயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

இரண்டு ஏணிகள்

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவத்தில் இருப்பது ஒரே ஏணி அல்ல, இரண்டு.

சிப்பாய், கார்ப்பொரல், சார்ஜண்ட் என்று போகும் முதல் ஏணியின் உச்சி வாரண்ட் ஆபீசர். பிரிட்டிஷ் காலாட்படை, குதிரைப் படைகளில் ரெஜிமென்ட் சார்ஜண்ட் மேஜருக்கு 1881-ம் ஆண்டு இந்த அந்தஸ்து கிடைத்தது. அரசாங்கத்தின் நியமனப் பத்திரமே வாரண்ட். இந்தப் பதவியில் இருப்பவருக்கு 20 ஆண்டு அனுபவம் இருக்கும். பட்டாளத்தில் ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இளம் அதிகாரிகள்கூட அவரிடம் யோசனை கேட்பார்கள். ஆனால் மேலே செல்ல அந்த ஏணியில் வேறு படி இல்லை.

இரண்டாவது ஏணி கமிஷன் பெற்ற அதிகாரிகளுடையது. இந்தக் கமிஷன் தரகுப் பணம் அல்ல. நாட்டின் அரசரோ அரசியோ தமது பெயரால் ஒருவருக்கு அதிகாரம் அளித்து வழங்கும் பத்திரம் அது. இரண்டாம் லெப்டினன்டில் தொடங்கி பீல்டு மார்ஷல் வரை அந்த ஏணி போகும். அதன் முதல் படியில் நிற்கும் 19 வயது இளைஞனுக்கு, 40 வயது வாரண்ட் ஆபீசர் சல்யூட் அடிக்க வேண்டும்.

1871-ம் ஆண்டு வரை காலாட்படை, குதிரைப் படைகளில் கமிஷனைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. அது ஒழிந்த பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. சிப்பாயாகச் சேர்ந்து கமிஷன் பெற்றவர்கள் ஆண்டுக்கு நாலைந்து பேர்தான்.

300 பவுண்டு சுவர்

ராபர்ட்சனின் திறமையைக் கண்ட அதிகாரிகள், கமிஷனுக்கு முயலும்படி அவரைத் தூண்டினார்கள். அவர் தயங்கினார். காரணம் பணம்.

குதிரைப் படை லெப்டினன்டின் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 120 பவுண்டு. ஆனால் மெஸ் செலவு, சீருடை, குதிரை, விருந்து, விளையாட்டு எல்லாம் சேர்ந்து, சம்பளத்துக்கு மேல் சொந்தப் பணம் 300 பவுண்டு இருந்தால்தான் காலம் தள்ள முடியும். மற்ற அதிகாரிகளுக்கு அப்பன் வீட்டுச் சொத்து இருந்தது. ராபர்ட்சனின் அப்பனிடம் இருந்தது கத்தரிக்கோலும் ஊசியும்.

இன்னொரு பயமும் உண்டு. முதல் ஏணியில் அவர் இன்னும் சில படி ஏறினால் போதும். வாரண்ட், மரியாதை, நிச்சயமான பென்ஷன் எல்லாம் கிடைக்கும். இரண்டாவது ஏணிக்குத் தாவினால் 28 வயதில் மறுபடியும் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். கூட இருப்பவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள். பேச்சு வேறு, பழக்கம் வேறு. ராபர்ட்சனின் கிராமத்து உச்சரிப்பு கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. தாவித் தவறினால் பழைய இடமும் போய்விடும்.

இந்தியாவில் இருந்த பட்டாளத்தில் சேர்ந்தால் சம்பளம் கூடுதல், செலவு குறைவு என்ற நிலை அவருக்குத் துணிச்சல் கொடுத்தது. 1888-ம் ஆண்டு ஜூன் மாதம், 3-வது டிராகூன் கார்ட்ஸ் குதிரைப் படையில் இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெற்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அதிகாரிக்குரிய சீருடைகளைத் தந்தையே தைத்துக் கொடுத்தார்.

ஆறு மொழிகள்

மெஸ்ஸில் மற்றவர்கள் மது அருந்தும்போது ராபர்ட்சன் தண்ணீர் குடித்தார். அங்கே பைப் பிடிக்க அனுமதி இல்லை. சுருட்டு வாங்கக் காசு இல்லை. ஆகவே புகைப்பதையே விட்டார். இதனால் அவரைக் கஞ்சன் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தார்.

அந்நாளில் இந்திய மொழிகளில் தேர்வு எழுதித் தேறும் அதிகாரிகளுக்கு அரசு பரிசுத் தொகை அளித்து வந்தது. வட இந்தியாவின் கோடை நாட்களில் மத்தியானம் எல்லோரும் தூங்குவார்கள். ராபர்ட்சன் முன்ஷியை வைத்துக்கொண்டு பாடம் படித்தார். உருது, இந்தி, பாரசீகம், பஷ்டு, பஞ்சாபி என்று ஒவ்வொன்றாகத் தேறினார். பின்னால் கூர்க்காலியும் சேர்ந்து ஆறு ஆயிற்று. பற்றாக்குறைக்காகப் படித்த படிப்புதான் அவருடைய பதவிக்கும் வழி திறந்தது.

1891-ல் கோஹாட் பகுதிப் படையெடுப்புகளின்போது ரயில்வே போக்குவரத்து அதிகாரியாகப் பணியாற்றினார். ஆட்களும் கோவேறு கழுதைகளும் தீவனமும் குண்டுகளும் எந்த வண்டியில் எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. 1892-ல் சிம்லாவில் ராணுவ உளவுத் துறைக்கு மாற்றப்பட்டார். 1894-ல் கில்கிட் வழியாக, 15,000 அடிக்கு மேல் உயரமுள்ள தார்கோட் கணவாயைக் கடந்து பாமீர் வரை சென்று வந்தார். அதே ஆண்டு, இந்திய ராணுவ லெப்டினன்ட் கர்னல் ஒருவரின் மகளை மணந்தார்.

1895-ல் சித்ரால் படையெடுப்பின்போது, வழிகாட்டிகளாக வந்த இருவரே அவரைத் தாக்கினார்கள். ஒருவன் அவருடைய வாளாலேயே அவரை வெட்டினான். காயத்துடன் அவனைக் குத்தி வீழ்த்தி, ரிவால்வரால் அவர்களை விரட்டினார். டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது.

அதன்பின் கேம்பர்லியில் உள்ள ஸ்டாஃப் காலேஜில் சேர்ந்தார். சிப்பாயாக இருந்த ஒருவர் அந்தக் கல்லூரிக்குள் மாணவராக நுழைந்தது அதுவே முதல் தடவை. 1910-ல் அதே கல்லூரிக்குத் தலைவரானார். இடையில் பதவி இல்லாமல் அரைச் சம்பளத்தில் இருந்த நாட்களில், ஜெர்மன் ராணுவ நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பம் நடத்தியதும் உண்டு.

உச்சியும் பழியும்

1914-ல் போர் மூண்டது. பிரான்சுக்குச் சென்ற பிரிட்டிஷ் படைக்கு உணவும் தளவாடமும் அனுப்பும் பொறுப்பு ராபர்ட்சனுடையது. படை பின்வாங்க நேரலாம் என்று அவர் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார். அப்படியே நேர்ந்தபோது, களைத்து வரும் சிப்பாய்கள் எடுத்துக்கொள்ள வசதியாகச் சாலைச் சந்திப்புகளில் உணவைக் குவித்து வைக்கச் செய்தார். பட்டினியோடு நடக்கும் சிப்பாயின் கஷ்டம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது அல்ல.

1915 டிசம்பரில் ராணுவத்தின் தலைமைப் பதவியான இம்பீரியல் ஜெனரல் ஸ்டாஃப் தலைவரானார். போரை பிரான்ஸ் முனையில்தான் வெல்ல முடியும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. 1916 ஜூலை 1-ந் தேதி, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடிமட்டத்திலிருந்து வந்தவரே இதற்கு உடன்பட்டாரே என்ற பழி இன்றும் அவர் மீது இருக்கிறது. பிரதமர் லாயிட் ஜார்ஜுடன் மோதல் முற்றி, 1918 பிப்ரவரியில் பதவியை விட்டார். 1920 மார்ச்சில் பீல்டு மார்ஷல் ஆனார். 1933 பிப்ரவரி 12-ந் தேதி காலமானார்.

இந்தியச் சிப்பாய்க்கு

ராபர்ட்சன் தாண்டிய சுவரை, அவர் வாழ்ந்த அதே இந்தியாவில் ஓர் இந்தியச் சிப்பாய் தாண்ட முடியவில்லை. அவன் ஜமேதார் ஆகலாம், சுபேதார் ஆகலாம், குதிரைப் படையில் ரிசல்தார் ஆகலாம். எத்தனை போர் கண்டிருந்தாலும் நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழ்தான். 1917-ல்தான் முதன்முதலாக இந்தியர் 9 பேருக்கு அரசரின் கமிஷன் அளிக்கப்பட்டது. டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-ல் தொடங்கியது.

இரண்டு ஏணிகள் இன்றும் இருக்கின்றன. தரைப்படையில் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். விமானப் படையில் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். இவர்கள் இல்லாமல் எந்தப் பட்டாளமும் ஒரு நாள் நடக்காது. ஆனால் ஒரு ஏணியிலிருந்து மற்றதற்குப் போக இப்போது பாதை உண்டு. தகுதியுள்ள ஜவான் தேர்வு எழுதி, டேராடூனில் உள்ள ராணுவ கேடட் கல்லூரியில் படித்து, அதிகாரியாக வெளிவரலாம். அதற்கு அப்பன் வீட்டுப் பணம் 300 பவுண்டு வேண்டியதில்லை.

ராபர்ட்சனின் மகன் பிரையனும் ராணுவத்தில் சேர்ந்து ஜெனரல் ஆனார். ஆனால் அவர் தொடங்கியது இரண்டாவது ஏணியில். தந்தை வாரத்துக்கு 6 பென்ஸ் கூலிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வெல்பர்ன் கிராமத்தில் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு சர் வில்லியம் ராபர்ட்சனின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.